முட்டி வலி: பயிற்சியா, ஊசியா, ஆபரேஷனா?

அம்மாவுக்கு ஆறு வருஷமாக முட்டி வலி. போன ஆனி மாதம் நீடாமங்கலத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கிளம்பியவர், மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கண்டக்டர் இறங்கி வந்து கைகொடுத்து ஏற்றினாராம். அதோடு சித்தி வீட்டுக்குப் போவது நின்றது. கேட்டால், "அவ வரட்டுமே, எனக்கு அங்க என்ன வேலை" என்பார்.

சென்னையிலிருந்து நான் போய்த் தஞ்சாவூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிய வேகத்திலேயே பதில் வந்துவிட்டது. "ரெண்டு காலும் கிரேடு நாலு. ஜவ்வே இல்ல. ரெண்டையும் சேர்த்து மாத்திடலாம்." நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்ததும் ஆளுக்கொரு யோசனை. மாமாவுக்கு ஆபரேஷன் என்ற பேச்சே ஆகாது. அத்தை தன் சிநேகிதிக்கு அவர் ரத்தத்திலிருந்தே எடுத்துப் போட்ட பிஆர்பி ஊசியைச் சொன்னார். எதிர்வீட்டு அக்காவிடம் வெளியூரிலிருந்து வரும் ஒரு பொடி இருந்தது.

நான் மருத்துவர் இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவள். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரி எல்லாவற்றையும் வரவு, செலவு என்று போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கு 64 வயது, 74 கிலோ எடை, சர்க்கரையும் பிபியும் உண்டு. கீழே இருப்பது அந்தக் கணக்குதான். விழுந்து அடிபட்ட முட்டி, திடீரென்று வீங்கிக் காய்ச்சலோடு வலிக்கிற முட்டி, பல மூட்டுகளில் ஒரே நேரத்தில் வீக்கம் இதற்கெல்லாம் இது பொருந்தாது. அவற்றுக்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

முதலில் அந்த கிரேடு. எக்ஸ்ரேயில் தேய்மானத்தைப் பூஜ்யத்திலிருந்து நாலு வரை அளக்கும் முறையை 1957-ல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரண்டு பேர் வகுத்தார்கள். இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது எலும்பின் படம், வலியின் அளவு இல்லை. ஜவ்வு என்று நாம் சொல்லும் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலி வருவது அதன் அடியில் இருக்கிற எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றிய உறையிலிருந்தும், தசைநார்களிலிருந்தும். படத்தில் மோசமாக இருந்தும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். படம் சுத்தமாக இருந்தும் துடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, மாதக்கணக்கில் வலி நீடித்தால் தூக்கம் கெடுகிறது, மனசு சோர்கிறது, நரம்பு மண்டலமே சின்னத் தொந்தரவையும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. ஆகவே "கிரேடு நாலு" என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

வேறு எதை வைத்து எடுப்பது? அம்மாவிடம், வலி உன்னிடமிருந்து என்னென்ன பிடுங்கிக்கொண்டது என்று கேட்டேன். மூன்று சொன்னார். பஸ் படி. வாசல் கோலம். ராத்திரி இரண்டு மணிக்குப் புரண்டு படுக்கும்போது முட்டி சுரீர் என்று எழுப்பிவிடுவது. "கோயில்ல பிரகாரம் சுத்த முடியலையே, அது?" என்றேன். "அது போனாப் போகுது, சாமி கோச்சுக்காது" என்றார். சரி, அந்த மூன்றுதான் அளவுகோல். கூடவே என் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டேன்: செய்தபின் வேண்டாம் என்றால் திரும்பி வர முடியுமா?

பயிற்சி

எல்லோரும் அலட்சியமாகப் பார்க்கும் வழி இதுதான். நம் ஊரில் "பிசியோவுக்குப் போறேன்" என்றால் கரண்ட் வைப்பது, மெழுகு ஒத்தடம் கொடுப்பது என்று ஆகிவிட்டது. படுத்திருப்போம், மெஷின் வேலை செய்யும், அரைமணியில் எழுந்து வரலாம். அது சுகமாக இருக்கும், ஆனால் சாயந்திரம் வரை தாங்காது. பயன் கொடுப்பது நாமே செய்யும் பயிற்சி, முக்கியமாகத் தொடையின் முன்பக்கத் தசைக்கு. அந்தத் தசை வலுத்தால் முட்டிக்கு வரும் அடியை அது வாங்கிக்கொள்கிறது.

"ஏற்கெனவே தேஞ்சு போச்சு, நடந்தா இன்னும் தேயாதா?" என்று அம்மா கேட்டார். எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பஞ்சை நீரில் அமுக்கி விடுவதுபோல, பாரம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. காலை ஆட்டாமல் வைத்திருந்தால் அதுவும் இல்லை, தசையும் சூம்பிவிடும்.

எங்களுக்குக் கிடைத்த பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். மெஷின் பக்கமே போகவில்லை. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து ஐந்து எண்ணும் வரை அமுக்கச் சொன்னாள். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டு காலை நீட்டச் சொன்னாள். அம்மா முதல் நாள் நாற்காலியிலிருந்து நாலு தடவை எழுந்தார், ஐந்தாவதில் முகம் சுருங்கிவிட்டது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் "4" என்று எழுதி, அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்தார். அந்தத் தாள்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

வலி எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதற்கு அந்தப் பெண் சொன்ன விதி எளிது. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி பழைய அளவுக்கு வந்திருந்தால் சரி. வரவில்லையென்றால் அடுத்த நாள் குறைத்துச் செய்ய வேண்டும், நிறுத்தக் கூடாது.

இதற்குச் சோதனை ஆதாரம் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் 156 பேரை வைத்து பிசியோதெரபியையும் ஸ்டீராய்டு ஊசியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2020-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் பிசியோதெரபி பெற்றவர்களுக்கே வலியும் இயலாமையும் குறைவாக இருந்தன.

குறை என்ன? மெதுவானது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியாது, அந்த ஆறு வாரத்துக்குள்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். கூடவே யாராவது இருந்து நச்சரிக்க வேண்டும். நான் தினமும் இரவு எட்டு மணிக்குப் போன் செய்து "எத்தனை?" என்று மட்டும் கேட்பேன். செலவு எங்கள் ஊரில் ஒரு தடவைக்கு 300 ரூபாய், அதுவும் வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இதோடு சேர்ந்தவை இரண்டு. ஒன்று எடை. ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் நாலு கிலோ பாரம் மிச்சம். அம்மா மூன்று மாதத்தில் மூன்றரை கிலோ குறைத்தார், ராத்திரிச் சோற்றை நிறுத்தித்தான். இரண்டு, கைத்தடி. இதை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பத்துக்கு எட்டுப் பேர் தப்பு செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கை. அம்மா இதைக் கேட்டுச் சிரித்தார். மாற்றிப் பிடித்துத் திண்ணை வரை நடந்து பார்த்தபின் சிரிக்கவில்லை.

மாத்திரையும் களிம்பும்

மெடிக்கலில் "முட்டி வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று வாங்குவது நம் வழக்கம். அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற ஒன்று இருக்கும். அன்றைக்கு நன்றாகவே கேட்கும். வயிற்றுப் புண், பிபி ஏறுவது, சிறுநீரகம் கெடுவது எல்லாம் பிறகு வரும் பில். டெல்மிசார்ட்டான் மாதிரி பிபி மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல். அம்மா சாப்பிடும் பிபி மாத்திரையில் முதல் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நாங்கள் அட்டையைத் திருப்பிப் படித்ததே இல்லை.

மாட்டுக்குப் போட்ட இதே டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, அவற்றை இந்தியா முழுக்கக் கொன்று தீர்த்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். தெற்கே இப்போது அவை முக்கியமாக நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் மிச்சம். மனிதர்கள் கழுகு இல்லைதான். ஆனாலும் இதைக் கேட்ட பிறகு அம்மா செட் மாத்திரை வாங்கச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அதே மருந்தின் களிம்பு வேறு கதை. முட்டி தோலுக்கு மிக அருகில் இருக்கும் மூட்டு என்பதால் தடவினால் போய்ச் சேர்கிறது, ரத்தத்தில் கலப்பது சொற்பம். வலிக்கும்போது மட்டும் தடவாமல், டாக்டர் சொன்னபடி தினமும் மூன்று நாலு வேளை இரண்டு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். பாரசிட்டமால் பாதுகாப்பானது என்று பெயர், ஆனால் முட்டித் தேய்மானத்துக்கு அதன் பலன் சின்னது. குளுக்கோசமின் மாத்திரையை பிரிட்டனின் 2022 வழிகாட்டி கொடுக்கவே வேண்டாம் என்கிறது. மாதா மாதம் அதற்குக் கொட்டிய பணத்தை எண்ணி நானும் அம்மாவும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

எண்ணெயும் பொடியும்

சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தொக்கணம் என்கிற எண்ணெய்த் தேய்ப்பு செய்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தசை இறுக்கம் விடுகிறது, அன்றைக்குத் தூக்கம் வருகிறது. வலியோடு வாழ்கிறவருக்கு ஒரு நல்ல தூக்கம் சின்ன விஷயம் இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவமனை இருக்கிறது, மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு உண்டு. அங்கே படித்த மருத்துவர் பார்ப்பார். முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை உண்டு. ஜவ்வு வளரும் என்று நம்பி இல்லை, சுடச்சுட நன்றாக இருக்கும் என்பதால்.

பயம் அந்தப் பொடியில்தான். பெயர் ஒட்டாத டப்பாவில் வந்து இரண்டே நாளில் வலியை மாயமாக்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எதிர்வீட்டு அக்காவுக்கு ஆறு மாதத்தில் முகம் உப்பிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது. "சதை போட்டிருக்கேன், பொடி ஒத்துக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டித்தான் குறைக்க வேண்டும்.

ஊசிகள்

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை நன்றாகக் குறைக்கும். பிறகு பழையபடிதான். மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஆகவே இது தொடர் வைத்தியம் ஆகாது, தேதி குறித்த ஒரு காரியத்துக்கு ஆகும். தம்பி கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அம்மா வலது முட்டியில் ஒன்று போட்டுக்கொண்டார். மண்டபப் படி ஏறினார், பந்தி விசாரித்தார், எல்லாம் நடந்தது. ஆனால் ஊசி போட்ட மூன்று நாளும் சர்க்கரை 280-க்குக் கீழே இறங்கவில்லை. சர்க்கரை ஏறும் என்று எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்னொன்று: ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் கிருமித் தொற்று ஆபத்து கூடுகிறது. ஆபரேஷன் யோசனை இருந்தால் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிஆர்பி என்பது நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை முட்டியில் செலுத்துவது. கேட்க அழகாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து 2021-ல் வெளியான சோதனையில், ஒரு வருஷம் கழித்து அதற்கும் உப்புநீர் ஊசிக்கும் வலியில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அதில் இருந்தவர்கள் லேசான, நடுத்தரத் தேய்மானக்காரர்கள். கிரேடு நாலுக்கு இதைச் சொல்கிறவரிடம் எதற்காக என்று கேட்கலாம். மூட்டில் வழவழப்புக்காகப் போடும் ஜெல் ஊசியையும் அந்த பிரிட்டன் வழிகாட்டி வேண்டாம் என்றே சொல்கிறது. ஆக, அத்தையின் சிநேகிதிக்கு எப்படிக் குணமானது? ஊசி என்பதற்கே ஒரு பலம் உண்டு. வலி ஏறி இறங்கும் சுபாவம் கொண்டது, உச்சத்தில் இருக்கும்போது ஊசிக்குப் போனால் அது தானாக இறங்கும் காலமும் சேர்ந்துகொள்ளும்.

இதே பாடத்தை ஆபரேஷனும் ஒருமுறை படித்திருக்கிறது. துளை போட்டு முட்டியைக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டது. ஹூஸ்டனில் 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். 2002-ல் வெளியான முடிவில், நிஜமாகச் சுத்தம் செய்யப்பட்டவர்கள் இவர்களைவிட மேலாக இல்லை. தேய்மானத்துக்கு அதை யாராவது இன்றைக்குச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

மூட்டு மாற்று

இதை மாமா சொல்கிற மாதிரி பயந்து ஒதுக்கவும் கூடாது, அந்த டாக்டர் சொன்ன மாதிரி நாலு நிமிஷத்தில் முடிவு செய்யவும் கூடாது.

டென்மார்க்கில் 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூட்டு மாற்றோடு பயிற்சி, மறு பாதிக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து மட்டும். ஒரு வருஷத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி கணிசமாகக் குறைந்தது, மற்றவர்களில் 68 சதவீதம். 2015-ல் வந்த இந்த முடிவை இரண்டு பக்கமும் படிக்கலாம். ஆபரேஷன்தான் அதிக பலம், சந்தேகமில்லை. ஆனால் பயிற்சியோடு தொடங்கியவர்களிலும் மூன்றில் இரண்டு பேர் தேறினார்கள். ஆபரேஷன் பக்கம் பெரிய சிக்கல்களும் கூடுதலாக இருந்தன. பயிற்சிப் பிரிவில் கால்வாசிப் பேர் அந்த வருஷத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறினார்கள், அந்தக் கதவு யாருக்கும் மூடவில்லை. என் கணக்கைத் தீர்த்துவைத்தது அந்தக் கடைசி விஷயம்தான். பயிற்சியிலிருந்து ஆபரேஷனுக்குப் போகலாம், ஆபரேஷனிலிருந்து திரும்பி வர முடியாது. பயிற்சியால் ஏறிய தசை ஆபரேஷனுக்குப் பிறகும் உதவும்.

அதற்காகக் கால் வளைந்துபோகும் வரை தள்ளிப்போடுவதும் தப்பு. முட்டி நீட்ட வராமல் மடங்கிப் போய், தசையும் கரைந்தபின் மாற்றினால் பலன் குறையும்.

மாற்று மூட்டு எத்தனை வருஷம் வரும்? பெரிய பதிவேடுகளின்படி 25 வருஷம் கழித்தும் நூற்றில் சுமார் 82 வேலை செய்கின்றன. 64 வயதுக்கு இது நல்ல செய்தி, 48 வயதுக்கு யோசிக்க வேண்டிய செய்தி. ஆனால் மாற்றிய பிறகும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி ஏதோ ஒரு அளவில் தங்கிவிடுகிறது. தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவது சகஜம். தரையில் சம்மணம் போடுவது, குந்துவது பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். கழிப்பறையை மாற்ற வேண்டும், அரிவாள்மனையை மேசைக்கு ஏற்ற வேண்டும். முதல் ஆறு வாரம் முட்டியை மடக்கும் பயிற்சி கண்ணீரை வரவழைக்கும்.

செலவில் ஒரு ஆறுதல்: 2017-ல் மத்திய அரசு மூட்டுக் கருவிகளுக்கு உச்சவிலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை அப்போது 54,720 ரூபாய்க்கு வந்தது. பில்லில் கருவிக்கு மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உள்ளவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்காமல் தனியாரிடம் முன்பணம் கட்ட வேண்டாம். ரோபோ வைத்து ஆபரேஷன் என்று கூடுதல் பணம் கேட்டால், அளவு துல்லியமாக வரும் என்பது நிஜம். நீண்ட நாளில் வலி அதனால் கூடுதலாகக் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. இரண்டு காலையும் ஒரே நாளில் மாற்றினால் ஒரே மயக்க மருந்து, ஒரே படுக்கைக் காலம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பாரம் அதிகம். சர்க்கரையும் பிபியும் உள்ள அம்மாவுக்கு அது சரிப்படாது என்று இன்னொரு டாக்டர் சொன்னார்.

மூன்று மாதம் பயிற்சி முடிந்தது. நாற்காலிக் கணக்கு 4-லிருந்து 17. இடது முட்டி, அதுவும் கிரேடு நாலுதான், இப்போது அம்மாவுக்கு ஞாபகத்துக்கே வருவதில்லை. கோலத்தைக் கம்பில் கட்டிய பொடிக் குழாயால் நின்றபடி போடுகிறார், புள்ளிக் கோலம் வரவில்லை என்று குறை. வலது முட்டி மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புவதை விடவில்லை. அதனால் பொங்கல் கழித்து வலது கால் மட்டும் என்று முடிவு.

அந்த இரண்டாவது டாக்டரிடம் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "பஸ் படி ஏறலாமா?"

"ஏறலாம்மா. ஏறும்போது நல்ல காலை முதல்ல வைங்க. இறங்கும்போது ஆபரேஷன் பண்ண காலை முதல்ல."

ஆபரேஷனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தினமும் சாயந்திரம் திண்ணைப் படியில், இடது கால் மேலே, வலது கால் கீழே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பழகிக்கொண்டிருக்கிறார்.